பெயர்ப்பலகை இல்லாத மேடைப்பேச்சு வகுப்பு: கிளிநொச்சியிலிருந்து ஒரு மதிப்பீடு

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியை ஒட்டிய ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில், சனிக்கிழமைகளில் மாலை 4.30 மணிக்கு ஆங்கில மேடைப்பேச்சு வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. கீழே உள்ள உரக்கடையில் விசாரித்தால் படிக்கட்டைக் காட்டுவார்கள். 12 வாரங்களுக்குக் கட்டணம் 12,000 ரூபாய். ஒரு பிரிவில் 14 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. சென்ற சிறுபோக காலத்தில் ஒரு வாரமும் தவறாமல் நான் அங்கே போய்வந்தேன். போகலாமா என்று பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன். இலக்கணம் படிக்க நினைப்பவர்களுக்கு இது வீண்செலவு. இலக்கணம் ஓரளவு தெரிந்தும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாதவர்களுக்கு, இதைவிடப் பயனுள்ள ஒன்றை இந்தப் பக்கத்தில் நான் காணவில்லை.

நான் விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றுகிறேன். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள விவசாயிகள் முன்னூறு பேர் கூடி, தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றி ஒருவரை ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில், ஒலிவாங்கி வேலை செய்யாவிட்டாலும் தமிழில் என்னால் பேசி முடிக்க முடியும். பள்ளிக்காலத்தில் தமிழ்த்தினப் போட்டியில் வலய மட்டம் வரை பேசப் போனவன். ஆனால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அலுவலகத்தில், கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகளுக்கும் வெளிநாட்டு நிதியுதவியாளர் இருவருக்கும் முன்னால், எங்கள் வயல்களின் நிலையை ஏழு நிமிடங்கள் விளக்கும்படி என்னிடம் கேட்கப்பட்டது. சிங்களம் தெரிந்தவர்கள், தமிழ் தெரிந்தவர்கள், இரண்டும் தெரியாதவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருக்கும்போது மிஞ்சுவது ஆங்கிலம்தான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அதை இணைப்பு மொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதியும் வைத்திருக்கிறது. நான் எழுந்து ‘த பாமர்ஸ்’ என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த அதிகாரி என் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கித் தானே வாசித்து முடித்தார். அவர் செய்தது உதவிதான். ஆயினும் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை.

எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கில டிப்ளோமா என்று இரண்டு சான்றிதழ்கள் வீட்டில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகின்றன. 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறி, மல்லாவிப் பக்கத்தில் மரநிழல் வகுப்புகளில் படித்த என் வயதினர் பலருக்கு, ஆங்கிலம் என்பது கரும்பலகையில் இருந்து கொப்பிக்குப் போகும் எழுத்து மட்டுமே. வாசிப்போம், எழுதுவோம், கோடிட்ட இடங்களை நிரப்புவோம். அதைக் காதால் கேட்டதும் வாயால் சொன்னதும் மிகக் குறைவு. அந்தச் சான்றிதழ்களைத் தந்த வகுப்புகளும் இதையேதான் திரும்பச் செய்தன.

மாடி வகுப்பின் முதல் நாளில் புத்தகம் எதுவும் தரப்படவில்லை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்தான் நடத்துகிறார். எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றே அழைக்கிறோம். அவர் தந்தது தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு வினாத்தாள். 1986இல் எலைன் ஹொர்விற்ஸ் என்பவரும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும், வேற்றுமொழி வகுப்பறையில் எழும் பதற்றத்தை அளப்பதற்காக 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் ஐந்து படிகளில் உடன்பாட்டையோ மறுப்பையோ குறிக்க வேண்டும். ஆகக் கூடிய புள்ளி 165. எனக்கு 121 வந்தது. அந்தக் கூற்றுகளில் ஒன்று, நான் பேசும்போது மற்ற மாணவர்கள் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறேனா என்று கேட்கிறது. 14 பேரில் 12 பேர் அதற்கு முழு உடன்பாட்டைக் குறித்திருந்தோம். மிஸ் அந்தத் தாள்களை மேசையில் பரப்பிவிட்டு, “அப்ப சிரிக்கப்போறது ஆர்? பயப்பிடுற ஆக்கள் எல்லாரும் இங்கதானே இருக்கிறியள்” என்றார்.

அந்தக் கேள்வி வேடிக்கையாகக் கேட்கப்பட்டாலும், விடயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சிங்கள மக்கள் பேச்சுவழக்கில் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று குறிப்பிடுவதுண்டு. தெரிந்தவன் தெரியாதவனை வெட்டும் ஆயுதம் என்ற பொருளில். எங்கள் ஊரில் அந்த வாளுக்கு இரண்டு பக்கமும் கூர். பிழையாகக் கதைத்தால் நையாண்டி செய்வார்கள். சரியாகக் கதைத்தால் ‘எடுப்புக் காட்டுறான்’ என்பார்கள். வெள்ளைக்காரர் முன்னால் பிழை விட எனக்கு அவ்வளவு கூச்சம் இல்லை. என்னோடு ஓ.எல். பரீட்சை எழுதிய நண்பன் அதே கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இதை உணர்ந்து வைத்திருப்பதுதான் இந்த வகுப்பின் முதல் சிறப்பு: அந்நியரைக் கூட்டிவந்து பேசவைப்பதில்லை, உள்ளூர்க்காரர் முன்னிலையிலேயே பேசிப் பழக்குகிறார்கள்.

இனி, கொடுத்த காசில் பெரும்பகுதிக்குப் பெறுமதியான பயிற்சிக்கு வருகிறேன். ஒரே விடயத்தை முதலில் ஒருவருக்கு 4 நிமிடங்களிலும், பிறகு வேறொருவருக்கு 3 நிமிடங்களிலும், மூன்றாவதாக இன்னொருவருக்கு 2 நிமிடங்களிலும் சொல்ல வேண்டும். இதை 1983இல் கீத் மோரிஸ் என்பவர் விவரித்தார். நியூசிலாந்தின் போல் நேஷன் 1989இல் ஆராய்ந்து எழுதிய பின்னர் உலகெங்கும் பரவியது. குறிப்புத் தாள் இல்லை, இடையில் திருத்துவதும் இல்லை. கேட்பவர் ஒரு தாளில், நாம் தடுமாறி நிற்கும் ஒவ்வொரு முறையும், எந்தச் சொல்லுக்குப் பின் நின்றோம் என்று குறித்துக்கொள்கிறார்.

நான் அறக்கொட்டி என்ற நெற்பூச்சியைப் பற்றிச் சொன்னேன். அது நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்ட வயல்களில் பெருகும். கண்டபடி மருந்தடித்தால் அதைப் பிடித்துத் தின்னும் சிலந்திகள் செத்து, அறக்கொட்டிதான் மேலும் கூடும். வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் நெருப்புப் பட்டதுபோல் காய்ந்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தமிழில் சொல்லிவிடுவேன். முதலில் ஒரு வங்கி எழுதுவினைஞருக்கு 4 நிமிடங்கள் சொன்னேன். 41 இடங்களில் நின்றிருந்தேன். அடுத்தது அறிவியல்நகர் பொறியியற் பீடத்து மாணவன். மூன்றாவதாகத் தர்மபுரத்திலிருந்து வரும் ஒரு தையற்கார அக்கா. தன் தம்பியின் வயலும் போன போகத்தில் அப்படித்தான் போனது என்பதால், அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார். அங்கே 2 நிமிடங்களில் 19 இடங்கள். நேரம் பாதியானபோது எண்ணிக்கையும் குறைவது பெரிய காரியமல்ல. நின்ற இடங்கள் மாறியதுதான் பெரிய காரியம்.

மிஸ் மூன்று தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். முதல் தாளில் நான் நின்ற இடங்களில் பாதிக்கு மேல், எழுவாய்க்கு அடுத்ததாக வந்தன: ‘பாமர்ஸ்’ என்று சொல்லி நின்றிருக்கிறேன், ‘இன்செக்ற்ஸ்’ என்று சொல்லி நின்றிருக்கிறேன். காரணம் தமிழில் இருக்கிறது. ‘அறக்கொட்டி தாக்கிய வயல்களுக்கு விவசாயிகள் ஒரே வாரத்தில் இரண்டு தரம் மருந்து அடித்தார்கள்’ என்னும்போது, வினை கடைசியில்தான் வருகிறது. அதுவரை வாய் ஓடிக்கொண்டிருக்க, மனம் பின்னால் ஆறுதலாக முடிவைத் தேடிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் விவசாயி வாயை விட்டு வெளியே வந்த மறுகணம் ‘அடித்தார்கள்’ வந்தாக வேண்டும். ‘தாக்கிய வயல்’ என்பதும் தலைகீழாகிறது: வயல் முன்னே, தாக்கியது பின்னே. முழு வசனத்தையும் தலையில் புரட்டிப் போட்ட பிறகுதான் இரண்டாவது சொல்லைச் சொல்லலாம் என்று நாம் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பு அவையில் மௌனமாகக் கேட்கிறது. அந்த மௌனம் நம்மைப் பயமுறுத்துகிறது. பயம் வந்ததும் கவனம் வசனத்தை விட்டுச் சபைக்குப் போய்விடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘த பாமர்ஸ்’ என்று நான் நின்ற இடம் எது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதுவரை அதை என் கோழைத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

சொல்ல வேண்டியதை யோசிப்பது, அதற்குச் சொல் தேடி அடுக்குவது, அதை ஒலிப்பது என்று பேச்சை மூன்று வேலைகளாக 1989இல் வில்லெம் லெவெல்ற் பிரித்துக் காட்டினார். தாய்மொழியில் பின்னிரண்டும் பெரும்பாலும் தாமாக ஓடுகின்றன. இரண்டாம் மொழியில் ஒவ்வொன்றும் கவனத்தைக் கேட்கிறது. ஒரே கதையை மூன்றாம் முறை சொல்லும்போது, யோசிக்கும் வேலை ஏற்கெனவே முடிந்திருப்பதால் சொல்லடுக்குக்குக் கவனம் மிஞ்சுகிறது. மூன்றாம் தாளில் என் நிறுத்தங்கள் வசன முடிவுகளுக்கு நகர்ந்திருந்தன. தாய்மொழியாளர்கள் நிற்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

மூன்று வாரங்கள் அறக்கொட்டியையே சொன்னோம். எல்லோருக்கும் அலுத்துவிட்டது, மாணவன் ஒருவன், இது காசுக்குத் தகாத வேலை என்று முகத்துக்கு நேரே சொன்னான். இதில் மிஸ் விட்டுக்கொடுக்காதது சரி என்றே நினைக்கிறேன். 2011இல் நெல் டி ஜொங், சார்ள்ஸ் பெர்பெற்றி ஆகிய இருவரும் இதே பயிற்சியை இரண்டு விதமாகச் செய்து பார்த்தார்கள். பயிற்சி நடக்கும்போது, ஒரே தலைப்பைத் திரும்பத் திரும்பப் பேசியவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் புதுத் தலைப்பில் பேசியவர்களுக்கும் சரளம் கூடியது. பின்னர் புதிய தலைப்புகளில் சோதித்தபோது, திரும்பப் பேசியவர்களிடம் மட்டுமே அது நிலைத்திருந்தது. நாலாவது வாரம், முறிகண்டியில் கச்சான் வாங்குவதைப் பற்றி ஆயத்தமில்லாமல் ஒரு நிமிடம் பேசச் சொன்னபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. கச்சானைப் பற்றி ஆங்கிலத்தில் நான் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் வினை உரிய இடத்தில் வந்து நின்றது.

எல்லாமே இவ்வளவு நன்றாக இல்லை. கலிபோர்னியாவின் சாந்தா ஆனாவில் 1924இல் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்களின் முறையை மிஸ் பல இடங்களில் கையாள்கிறார். நேரத்தைக் காட்ட பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் நன்மையே செய்தன. ‘ஆ’, ‘உம்’ என்று இழுப்பதை எண்ணுவதற்கு ஒருவரை நியமித்து, ஒவ்வொன்றுக்கும் மணியடிக்க வைத்தது நன்மை செய்யவில்லை. இரண்டாம் வாரம், ஒரு பிள்ளை மூன்றாவது மணியோடு பேச்சை நிறுத்திவிட்டுப் போய் இருந்துவிட்டாள். அடுத்த கிழமை மணி போய், புளியங்கொட்டையும் சிரட்டையும் வந்தன: இழுப்புக்கு ஒரு கொட்டை. சிரட்டையில் கொட்டை விழும் ‘டக்’ என்ற சத்தமும் மணிக்குக் குறைந்ததல்ல. நான் அதைச் சொன்ன பிறகுதான் சிரட்டைக்குள் ஒரு துணி போடப்பட்டது. பேச்சு முடிந்ததும் சிரட்டையைக் கையில் தருவார்கள். எண்ணிப் பார்ப்பதும் பாராததும் நம் விருப்பம். தமிழில் ‘வந்து’, ‘என்னெண்டால்’ என்று நாம் போடாத கொட்டைகளா? இழுப்பு என்பது, இன்னும் முடிக்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்பவருக்குக் காட்டும் சைகையும்கூட. அதை முழுதாக ஒழிக்க முயல்வது எனக்கு உடன்பாடில்லை.

ஆறாம் வாரத்துப் பயிற்சி ஒன்றை மட்டும் வேறெங்கும் நான் கண்டதில்லை. பேசி முடித்தவர், சபை தன்னில் என்னென்ன குறைகளைக் கண்டிருக்கும் என்று ஒரு துண்டில் எழுதுவார். சபையில் உள்ளவர்கள் தாங்கள் கண்டதை எழுதுவார்கள். நான் எழுதியவை: கால் நடுங்கியது, நெஞ்சு அடித்தது, கழுத்தில் வியர்த்தது. வந்த 13 துண்டுகளில் கால் நடுக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருவர், நான் வெண்பலகைப் பேனையைக் கடைசிவரை கையில் உருட்டிக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தனர். ஒருவர், “அண்ணா ஒருக்காலும் சிரிக்கேல்லை” என்று எழுதியிருந்தார். தன் மனநிலை பிறருக்கு அப்படியே தெரிகிறது என்று பேசுபவர் மயங்குவதைக் கென்னத் சவிற்ஸ்கியும் தோமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பேசுவதற்கு முன்னர் அந்த மயக்கத்தை விளக்கிச் சொன்னபோது, பேச்சே மேம்பட்டதாக மதிப்பிடப்பட்டது. என் காலும் அதற்குப் பிறகு நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் அதை மறைக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன்.

இதைப் போன்ற இன்னொரு குறிப்பும் பயன்பட்டது. ‘அமைதியாக இரு’ என்று தனக்குத் தானே சொல்வதைவிட, பதற்றத்தை ஆர்வமாக எடுத்துக்கொண்டு பேசப் போனவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்பது அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட முடிவு. அந்த ஆய்வில் வரும் ‘ஐ ஆம் எக்சைற்றட்’ என்ற ஆங்கில வாக்கியத்தையே மிஸ் எங்களைச் சொல்லச் சொன்னார், வாயில் ஒட்டவில்லை. தையற்கார அக்காதான், “உசாரா இருக்கு எண்டு சொல்லுவம் மிஸ்” என்றார். அதுவே நிலைத்தது.

பெரிய குறை, கேள்வி நேரத்துக்குப் பயிற்சி இல்லாதது. ஒன்பதாம் வாரம் கழித்து, எங்கள் செய்கைத்துண்டு ஒன்றைப் பார்க்க வந்தவர்களுக்கு 5 நிமிடங்கள் நான் தடையில்லாமல் பேசினேன். முடித்ததும் ஒருவர், பூச்சி எந்த அளவைத் தாண்டினால் மருந்தடிக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் பொருளாதாரச் சேத எல்லை என்ன என்று கேட்டார். அதற்கு அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லை நான் ஆயிரம் தடவை வாசித்திருக்கிறேன். ஒருதடவையும் காதால் கேட்டதில்லை. விளங்கவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்கும் ஒரு வாக்கியம்கூட வகுப்பில் பழக்கப்பட்டிருக்கவில்லை. மூன்றாம் முறைதான் பிடிபட்டது. இரண்டாம் மொழியில் பேசுபவனுக்கு உண்மையான பயம், தயாரித்த பேச்சு முடிந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 12 வாரங்களில் இரண்டையாவது அதற்கு ஒதுக்க வேண்டும்.

அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்றும் சொல்லலாம். ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் பிரதம விருந்தினர், மதிப்புக்குரியோர், சகோதர சகோதரிகள் என்று வரிசையாக வணங்கும் ஆங்கிலப் பாடம் ஒன்று கட்டாயம். 5 நிமிடப் பேச்சில் 40 வினாடிகள் அதற்கே போகின்றன. அது ‘கனம் தலைவர் அவர்களே, நடுவர்களே’ என்று தமிழ்த்தினப் போட்டிக்குப் பாடமாக்கிய எங்கள் பழைய பழக்கம், ஆங்கிலச் சட்டை போட்டு வந்திருப்பது. மனப்பாடம் முடியும் இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுந்ததைத்தான் கண்டேன். அமெரிக்கப் பேச்சாளர்களின் காணொளிகளையும் குறைக்கலாம். எங்கள் நாவுக்கு எட்டும் இலங்கை ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசும் ஒருவரைக் காட்டினால் போதும்.

மண்டபம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மின்விசிறி சத்தம், கீழே பாரவூர்திகளின் ஹோர்ன். சத்தத்துக்கு மேல் பேசப் பழகுவதும் நல்லதே.

நேரத்தைப் பற்றி மட்டும் என்னால் மிஸ்ஸோடு ஒத்துப்போக முடியவில்லை. வகுப்பு 6.30க்கு முடிகிறது, ஆயத்தம் செய்த பேச்சுகள் எல்லாம் பிற்பாதியில். அக்கராயன், தர்மபுரம், விசுவமடுப் பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க 5.45க்கே எழுந்துவிட வேண்டும். எங்கள் பிரிவில் 6 பெண்கள். அவர்களில் 4 பேர் வாராவாரம் அப்படிப் போனார்கள். அதே கட்டணம் செலுத்தியும் பாதி வகுப்பு, அதிலும் பேசாத பாதி. கடைசி வாரம், வகுப்பில் இல்லாத 40 பேர் முன்னால் பேசும் நாளில், தையற்கார அக்கா மட்டும் தம்பியை மோட்டார் சைக்கிளில் வரச் சொல்லிவிட்டு நின்று பேசினார். காலையில் நடத்த முடியாதா என்று கேட்டேன். “காலமையில ஓ.எல். கணிதத்துக்கு மண்டபம் போயிட்டுது தம்பி” என்றார் மிஸ். அப்படியானால் பஸ் பிடிக்க வேண்டியவர்களை முதலில் பேச விடலாமே என்றேன். இரண்டு வாரங்கள் விட்டார். மூன்றாம் வாரம் பழைய வரிசை திரும்பிவிட்டது.

அடுத்த பிரிவு, காலபோக விதைப்பு முடிந்த பிறகு தொடங்குகிறது. தூரத்திலிருந்து சேர நினைப்பவர்கள், பணம் கட்டும்போதே முதலாவதாகப் பேசும் இடத்தைக் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.